யாரும் பார்க்காத விரதம்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் பெங்களூரிலிருந்து என் மகனும் பேரனும் மூணாற்றுக்கு வந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் மாலை. சபரிமலைக்குப் போகும் வழியில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பேரனுக்குப் பதினோரு வயது. முதல் மாலை, கன்னிச்சாமி.

மறுநாள் சாயங்காலம் கடைவீதிக்குப் போய்த் திரும்பியவனின் வாயோரத்தில் பப்ஸ் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. என் மகன் பார்த்துவிட்டான். விசாரித்ததில் பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கித் தின்றது தெரியவந்தது. "மாலை போட்டுக்கிட்டு முட்டையா? சாமி கண்ணைக் குத்திடும், தெரியுமா?" என்று அதட்டினான். பிள்ளை அழவில்லை, பதிலும் பேசவில்லை. இரவில் என் கம்பளிக்குள் வந்து படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆயிடுச்சு. கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காரணம், "சாமி கண்ணைக் குத்தும்" என்ற பாடத்தை என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். என்னைப் பெற்றவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவள் எனக்குக் கொடுத்த ஏதோ ஒன்றை நான் என் பிள்ளைக்குக் கொடுக்கத் தவறிவிட்டேன். அது என்ன என்பதை எனக்கு நானே விளக்கிக்கொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை. சொந்த ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பொதுவான கவலை என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

மலையேறி வந்த சாமிகள்

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பிறகு தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அவற்றில் வேலை செய்யத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து நம்மவர்கள் கங்காணிகளின் பின்னால் மலையேறி வந்தார்கள். அட்டைக்கடியும் காய்ச்சலும் குளிரும் அவர்களுக்கு முன்பின் பழக்கமில்லாதவை.

வந்தவர்களின் மூட்டையில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் தங்கள் சாமியை அவர்கள் விட்டுவிட்டு வரவில்லை. ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புது இடத்தில் வைத்துக் கும்பிடுவது தென்பாண்டி நாட்டு வழக்கம். பிடிமண் என்பார்கள். இன்றைக்கும் இங்குள்ள எஸ்டேட்டுகளில் லயங்களை அடுத்து ஒரு மாரியம்மனையோ காளியம்மனையோ மாடசாமியையோ காணலாம். கிறிஸ்தவர்கள் தங்கள் சிற்றாலயத்தையும், முஸ்லிம்கள் தங்கள் தொழுகையையும் அவ்வாறே உடன் கொண்டுவந்தார்கள். மூணாறு நகரின் நடுவில் நின்று பார்த்தால் முருகன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் மூன்றும் ஆளுக்கொரு குன்றின் மேல் நிற்பதைப் பார்க்கலாம்.

நான் ரயில்வேக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு குறும்பாதை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. இரும்பில் போட்ட பாதை போயிற்று. ஏழைகள் கைப்பிடி மண்ணில் கொண்டுவந்த வழிபாடு நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மலையில் அவர்களைச் சாமி கும்பிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விட்டிருந்தால் கேட்பாரும் இல்லை. மஸ்டருக்கு வராவிட்டால் கூலி போகும். செவ்வாய்க்கிழமை விளக்கேற்றாவிட்டால் யார் என்ன செய்யப் போகிறார்கள்? ஆனாலும் ஏற்றினார்கள். கேட்பாரில்லாத இடத்தில் ஒரு நெறியை விடாமல் கடைப்பிடிக்க வைப்பது எதுவோ, அதைத்தான் உண்மையான நம்பிக்கை என்கிறேன்.

என் முதல் மாலை

சிவில் டிப்ளமா முடித்து 1980-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். தண்டவாளப் பராமரிப்புப் பிரிவு. சில ஆண்டுகள் கழித்துப் பாலக்காட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது முதன்முதலாகச் சபரிமலைக்கு மாலை போட்டேன். பக்தியால் போட்டேன் என்று சொன்னால் பொய். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் போட்டார்கள். நான் மட்டும் போடாமல் இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று போட்டேன்.

அந்த நாற்பத்தொரு நாட்களும் எனக்குச் சிறைவாசம்தான். காலண்டரில் தினம் ஒரு பென்சில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். விடியற்காலைக் குளியல் முடிந்தால் உடம்பும் நடுங்கும், மனமும் எரியும். அந்த எரிச்சலைக் கேங்மேன்கள் மேல் காட்டினேன். இரண்டு தடவை ஸ்டோர் அறைக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடித்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு "சாமி சரணம்" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் பிரிவில் ஐம்பது வயதைத் தாண்டிய கீமேன் ஒருவர் இருந்தார். கீமேன் வேலை என்னவென்று வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சில மைல் நீளமுள்ள ஒரு துண்டுப் பாதை அவர் பொறுப்பு. தோளில் சாமான்களோடு போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார். வரும்போது மறு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். தளர்ந்த சாவியை அடித்து இறுக்க வேண்டும். போல்ட் போயிருந்தால் கவனிக்க வேண்டும். விரிசல் கண்டால் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்ய வேண்டும். கூட யாரும் வரமாட்டார்கள். பாதி தூரத்தில் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவரும் அந்த ஆண்டு மாலை போட்டிருந்தார். விரதத்தோடு நடந்தார், திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள், "நடந்து நடந்து களைச்சுப் போற வேலை. இதுல விரதம் வேற. எப்படி இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சொன்னார்: "இந்த வண்டியில போறவங்க யாருன்னு எனக்குத் தெரியாது சார். நான் யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. இருந்தாலும் நடக்கிறோம்ல? அதே மாதிரிதான் இதுவும். நாற்பது நாளா எல்லாரும் என்னைச் சாமி, சாமின்னு கூப்பிடறாங்க. கூப்பிடறதுக்குத் தக்கபடி இருந்து பார்ப்போமேன்னு இருக்கேன். நல்லாத்தான் இருக்கு."

சபரிமலைச் சந்நிதானத்தில் "தத்வமசி" என்று எழுதியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுவே நீ என்று பொருள். மாலை போட்டவர் ஒவ்வொருவரையும் "சாமி" என்று அழைக்கும் வழக்கத்தின் கருத்தும் அதுவே. அதைப் படித்தறியாத அந்தக் கீமேன் வாழ்ந்து பார்த்தார். அவருக்கு அமைந்ததும் எனக்கு அமைந்ததும் அதே விதிகள்தாம். அதே குளியல், அதே உணவு, அதே நாற்பத்தொரு நாள். அவருக்கு அவை சிறகாக இருந்தன. எனக்கு விலங்காக இருந்தன. விதிகளில் வித்தியாசம் இல்லை என்றால் வித்தியாசம் எங்கே இருந்தது?

பயம், பேரம், பற்று

இத்தனை ஆண்டுகள் யோசித்ததில் சமய நெறிக்கு நாம் கீழ்ப்படிவதில் மூன்று வகை இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலாவது பயம். சாமி தண்டிக்கும் என்ற பயம், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இரண்டும் இதில் அடங்கும். என் முதல் மாலை இந்த வகை. இதன் குறை என்னவென்றால், பார்க்கும் கண் விலகியதும் நெறியும் விலகிவிடும். ஸ்டோர் அறைக்குப் பின்னால் நின்ற என்னையும் பேக்கரியில் நின்ற என் பேரனையும் நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

இரண்டாவது பேரம். "நீ இதைக் கொடு, நான் அதைச் செய்கிறேன்" என்பது. பதவி உயர்வுத் தேர்வு எழுதியபோது பழனிக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். தேறினேன், எடுத்தேன். அடுத்த தேர்வுக்கும் நேர்ந்துகொண்டேன். தேறவில்லை. மூன்று வருடம் பழனிப் பக்கமே போகவில்லை. முருகனோடு கோபமாம்! சரக்கு வராவிட்டால் பணம் கொடுக்க மறுக்கும் வியாபாரிக்கும் எனக்கும் என்ன வேற்றுமை?

மூன்றாவது பற்று. இதில் பயமும் இல்லை, வரவுசெலவுக் கணக்கும் இல்லை. இது சரி, இது என்னுடையது என்று மனம் ஒப்பிச் செய்வது. அந்தக் கீமேனின் நடை இந்த வகை.

பெரிய சமயங்கள் எல்லாம் இந்த மூன்றாம் வகையைத்தான் கேட்கின்றன. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் முழுவதும் சிரத்தையைப் பற்றியது. பிறர் மெச்சுவதற்காகச் செய்யும் தவத்தையும், பலனை எண்ணிக் கொடுக்கும் தானத்தையும் அது தாழ்ந்த படிகளில் வைக்கிறது. சிரத்தையில்லாமல் செய்தது இம்மையிலும் மறுமையிலும் பயன்படாது என்று அந்த அத்தியாயம் முடிகிறது. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு, உபவாசம் இருக்கும்போது முகத்தை வாடவைத்துக்கொள்ளாமல், முகம் கழுவித் தலைக்கு எண்ணெயிட்டு, பிறர் அறியாதபடி இருக்கச் சொல்கிறார். செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழி புகாரித் தொகுப்பில் முதலாவதாக இடம்பெற்றிருக்கிறது. நம் முஸ்லிம் சகோதரர்கள் நோன்புக்கு நிய்யத் வைப்பது இதனால்தான். திருவள்ளுவரும் மனத்தில் குற்றமில்லாமல் இருப்பதே அறம், மற்றவை வெறும் ஆரவாரம் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். மூணாற்றின் மூன்று குன்றுகளிலும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பேச்சுதான்.

ஆராய்ச்சியாளர்கள் சொல்வது

நான் தொழில் படித்தவன். ஒன்றைச் சொன்னால் அளந்து பார்த்தார்களா என்று கேட்பது பழக்கம். இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், மைக்கேல் ராஸ் என்பவருடன் சேர்ந்து 1967-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மதத்தை வேறு லாபத்துக்காகப் பயன்படுத்துவோர், மதத்தையே வாழ்வாகக் கொண்டோர் என்று வழிபாட்டுக்குப் போகிறவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் வகையினரிடம் பிற இனத்தார் மேல் வெறுப்பு அதிகமாகவும் இரண்டாம் வகையினரிடம் குறைவாகவும் இருந்தது. ஒரே தேவாலயம், ஒரே பிரசங்கம், மனிதர்கள் வேறு.

1993-ல் ரிச்சர்ட் ரயனும் அவருடைய சகாக்களும் நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கி வந்தார்கள். செய்யாவிட்டால் குற்ற உணர்வு வரும், பிறர் தவறாக நினைப்பார்கள் என்ற நெருக்குதலால் மதக் கடமைகளைச் செய்வது ஒரு வகை. தாமே மதித்து ஏற்றுச் செய்வது இன்னொரு வகை. கிறிஸ்தவர்களிடம் நடத்திய அந்த ஆய்வில், ஏற்றுச் செய்தவர்களிடம் மனநலம் மேலாகக் காணப்பட்டது; நெருக்குதலால் செய்தவர்களிடம் நேர்மாறாக இருந்தது. நான் காலண்டரில் பென்சில் கோடு போட்டதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

2010-ல் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரு அறிஞர்கள் மூன்றாவது ஒன்றைக் கண்டார்கள். வழிபாட்டுக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருப்பதற்கு முக்கியக் காரணம் அங்கே அவர்களுக்கு இருக்கும் நண்பர்கள். அதிலும் தம் சமயத்தை மனதார ஏற்றவர்களுக்கே அந்தப் பலன் நன்றாகக் கிடைக்கிறது. கூட்டத்தோடு போய்த் தனியாகத் திரும்பி வருகிறவருக்குப் பெரிய லாபமில்லை. எஸ்டேட் அம்மன் கொடையில் ஒன்றாகப் பொங்கல் வைத்தவர்களுக்கு இது ஆராய்ச்சி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டு பூஜை செய்யும் நம் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூசலார் குறைத்துக் கட்டவில்லை

"மனசு சுத்தமா இருந்தா போதும், விரதம் எதற்கு, விளக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். இதற்குப் பதில் பெரியபுராணத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில், ஆவடியைத் தாண்டித் திருநின்றவூர் என்ற ஸ்டேஷன் வரும். பூசலார் நாயனாரின் ஊர் அதுதான். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பணம் தேடினார், கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். அதே சமயம் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் பெரிய கற்கோயில் ஒன்றைக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் வந்து, அந்த நாளில் திருநின்றவூர் அன்பனின் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்றாராம். மன்னன் தேடி வந்து பார்த்தால் ஊரில் கோயிலே இல்லை. பூசலாரின் நெஞ்சுக்குள் இருந்தது. இன்று அவ்வூரிலுள்ள சிவனுக்கு இருதயாலீசுவரர் என்றே பெயர்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் கட்டுமானம் படித்தவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது வேறு. மனத்தில் கட்டுவதென்றால் ஒரே நொடியில் கோபுரத்தை எழுப்பிவிடலாமே? பூசலார் அப்படிச் செய்யவில்லை. நல்ல நாள் பார்த்தார். அடித்தளம் போட்டார். படிப்படியாக மேலே எழுப்பினார். இரவிலும் ஓயாமல் கட்டினார். விமானம், கிணறு, குளம், மதில் என்று எதையும் விடவில்லை. மேற்பார்வையிட யாருமில்லை, அளந்து பார்க்க யாருமில்லை. ஆனாலும் ஆகமம் சொன்னதில் ஒரு வரிசைக் கல்லைக்கூட அவர் குறைக்கவில்லை.

உண்மையான நம்பிக்கை விதியைத் தட்டிக்கழிக்க ஒரு சாக்கு அல்ல என்பதே இதிலிருந்து நான் கற்றது. மனத்தில் அன்பு இருந்தால் விதி தானாகவே நிறைவேறும். யாரும் பார்க்காவிட்டாலும் நிறைவேறும்.

அம்மாவின் மாத்திரை

அப்படியானால் விதியை எந்த நிலையிலும் மீறக்கூடாதா? இதற்கு என் அம்மா பதில் வைத்திருந்தாள்.

அவள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவள். வெள்ளிக்கிழமைகளில் இரவு விளக்கேற்றிய பிறகுதான் சாப்பிடுவாள். நான் நினைவு தெரிந்ததிலிருந்து பார்த்த வழக்கம் அது. அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது, பட்டினி கிடக்கக்கூடாது, வேளாவேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கலங்கிப்போனேன். இத்தனை வருட விரதத்தை எப்படி விடச் சொல்வது?

அவள் அடுத்த வெள்ளிக்கிழமையே காலையில் இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டாள். "விரதம் போச்சேம்மா" என்றேன். "ஏய்யா, பட்டினி கிடந்தாத்தான் ஆத்தாவுக்கு என்னைத் தெரியுமாக்கும்? அவ எனக்குச் சோறு போடத்தான்யா செய்வா" என்று சிரித்தாள். பழைய நேரத்துக்கே விளக்கேற்றினாள். கும்பிட்டபோது முகத்தில் இருந்த நிறைவு ஒரு துளியும் குறையவில்லை.

நோயாளிகளும் பயணிகளும் நோன்பை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கலாம் என்று குர்ஆன் அனுமதிக்கிறது. உடம்பை வதைத்து ஆடம்பரத்துக்குச் செய்யும் கடுந்தவத்தைக் கீதை கண்டிக்கிறது. பயத்தால் விரதம் இருப்பவருக்கு அதை நிறுத்தவும் பயம். அன்பால் இருப்பவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியும். ஆகவே உடல்நிலை சரியில்லாதவர்கள் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது பக்திக் குறைவு ஆகாது.

பெட்டிமுடிக்குப் பிறகு

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதப்போவது எனக்குக் கடினம்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேரை இழந்தோம். நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கயத்தாறு பக்கத்து வேர் உடைய குடும்பங்கள் பல. நான் ஓய்வு பெற்று மூணாற்றில் குடியேறிய பிறகு நடந்தது இது.

ஒருவர் என்னிடம், "ஏதோ சாமிக் குத்தம் இருந்திருக்கும்" என்றார். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. மண்சரிவு எப்படி வருகிறது என்பதை நான் தொழிலில் பார்த்தவன். செங்குத்தான சரிவில் நாட்கணக்கில் மழை இறங்கினால் நீர் மண்ணின் இடுக்குகளையெல்லாம் நிரப்பும். அந்த நீரின் அழுத்தம் ஏற ஏற, மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடி தளரும். ஒரு கட்டத்தில் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் மலை இறங்கிவிடும். நல்லவர் வீடு, கெட்டவர் வீடு என்று அதற்குத் தெரியாது. அங்கே மாண்ட குழந்தைகள் எந்த விரதத்தை முறித்தார்கள்?

ஆனால் வெளியில் அப்படிப் பேசிய நான் வீட்டில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். பல வாரங்கள். "கும்பிட்டவர்களைக் காப்பாற்றாத உனக்கு என்ன விளக்கு?" என்பது என் வாதம். பயத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேனே தவிர, பேரம் எனக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. நாம் கும்பிட்டால் நமக்கு ஒன்றும் வராது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நான். சாமி எப்போதும் போட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அம்மாவின் பழைய விளக்கைத் துடைத்து வைத்தபோது ஒன்று புரிந்தது. அவளும் தன் காலத்தில் கணவனை இழந்தாள், ஒரு குழந்தையையும் இழந்தாள். அந்த வாரங்களிலும் விளக்கேற்றினாள். தனக்கு எதுவும் நேராது என்பதற்காக அவள் ஏற்றவில்லை. எது நேர்ந்தாலும் தான் தனியாக இல்லை என்பதற்காக ஏற்றினாள். அன்று நானும் ஏற்றினேன். எதுவும் கேட்கவில்லை. எனக்கு மாலை போட்டு, காவடி எடுத்துக் கிடைக்காத அமைதி அன்று சிறிது கிடைத்தது. மகிழ்ச்சி என்று அதைச் சொல்லலாமா என்றால், எண்பது மைல் வேகத்தில் வரும் மகிழ்ச்சி அல்ல அது. நின்று நிதானமாக இருக்கும் மகிழ்ச்சி.

மலைச்சரிவில் எந்த வீட்டைக் கட்டலாம், எந்த மழைக்கு மக்களை வெளியேற்ற வேண்டும் என்பதை அறிவும் அரசும் பார்க்க வேண்டும். அதை நம்பிக்கையின் தலையில் கட்டக்கூடாது. துயரத்தின் நடுவே மனிதன் உடைந்துபோகாமல் நிற்பதற்குத்தான் நம்பிக்கை.

நம் பிள்ளைகளுக்கு

தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்குத் தெருவே சொல்லிக்கொடுக்கும். மார்கழி பஜனை, தைப்பூச நடைப்பயணம், கோயில் மணி என்று சுற்றிலும் இருக்கும். வெளியூரில் நம் வீட்டுச் சுவருக்குள் இருப்பதுதான் குழந்தைக்குக் கிடைக்கும் மொத்தமும். ஆகவே நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், பயமுறுத்தாதீர்கள். குழந்தை சோதித்துப் பார்க்கும். கண் குத்தப்படவில்லை என்றதும் உங்களையும் சாமியையும் சேர்த்தே சந்தேகிக்கும்.

இரண்டாவது, காரணத்தைச் சொல்லுங்கள். ஏன் இந்த விரதம், ஏன் இந்த நாள் என்று கேட்டால் அதட்டாமல் விளக்குங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து பெரியவர்களிடம் கேளுங்கள்.

மூன்றாவது, சிறியதாக ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு விளக்கு, ஒரு பாட்டு, வாரத்தில் ஒரு வேளை. தானாக ஏற்றுக்கொண்ட சிறிய நெறி, நாம் சுமத்திய பெரிய நெறியைவிட நிலைக்கும்.

நான்காவது, துணை தேடிக்கொடுங்கள். சங்கத்துப் பொங்கலுக்கும் பஜனைக்கும் நான்கு குடும்பங்கள் குழந்தைகளோடு சேர்ந்து போங்கள்.

கடைசியாக, நாம் தனியாக இருக்கும்போது எப்படி இருக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் எப்படியோ தெரிந்துகொள்கிறார்கள். அதற்கு மேல் பாடம் கிடையாது.

மறுநாள் விடியுமுன் பேரனிடம் ஸ்டோர் அறைச் சிகரெட் கதையைச் சொன்னேன். "தாத்தா, நீங்களுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அந்தக் கீமேனைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அவர் தூங்கிட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். "அவருக்குத் தெரியும்" என்றேன்.

சற்று நேரத்தில் பின்கட்டில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மூணாற்றுக் கார்த்திகைக் குளிர் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்று என் மகன் எழுந்து போனான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "கொஞ்சம் பொறு. அவனா குளிக்கிறான்" என்றேன். "சாமி கண்ணைக் குத்தும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தப்புப்பா" என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படித் தானாக எழுந்து குளிக்கும் ஒரு பிள்ளை வளரட்டும்.